பட்டியலில் இல்லாத பெயர்

அத்தியாயம் 3

"காட்டிக் கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். மூணு நாளா அதையேதான் சொல்லிட்டிருக்கேன். ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்" என்றார் இஸ்திரி அண்ணன்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். தீர்ப்பை எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதில் ஒரு சீல் குத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். மேடம் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. டெலிபோன் ஆபீஸ் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஊர்த் திட்டையெல்லாம் காதில் வாங்கியவர். அந்த வேலையை விட்ட பிறகுதான் இந்தத் துப்பறியும் ஆபீஸ். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்பு ஆயுள் காப்பீட்டு ஏஜென்டாக இருந்ததால் இன்றைக்கும் என்னை "இன்ஷூரன்ஸ்" என்றுதான் கூப்பிடுவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பேங்க்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

இஸ்திரி அண்ணனின் கதை இதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் இஸ்திரி மெஷின் முன்னால் நின்றவர். வலது கை முழுக்கச் சூடு பட்ட தழும்பு. ஆறு மாதத்துக்கு முன் நிர்வாகம், விரிப்புகள் திருடு போகின்றன என்று சொல்லி, ஊழியர்கள் உடை மாற்றும் அறையிலேயே கேமரா வைத்தது. அதை எடுக்கச் சொல்லி மனு எழுத, இஸ்திரி அண்ணன் தலைமையில் பதினாறு பேர் ரகசியமாகக் கூடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் ஒரு படச்சட்டக் கடைக்குள், மாலை நாலு மணிக்கு, நாலு வாரம். நாலாவது ஞாயிறு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை, மனுவைக் கொடுக்கும் முன்பே, பதினாறு பேருக்கு வேலை நீக்கக் கடிதம் வந்துவிட்டது.

இஸ்திரி அண்ணனின் தங்கைக்கு மட்டும் வரவில்லை.

அவள் அதே சலவைப் பிரிவில் கிழிந்த துணி தைப்பவள். நாலு கூட்டத்துக்கும் வந்தவள். அண்ணன்தான் சிபாரிசு செய்து வேலையில் சேர்த்தவர்.

"மூணாவது வாரம் பாதிக் கூட்டத்துல தலைவலின்னு எழுந்து போனா. யாருகிட்ட சொல்லப் போனாளோ! திங்கட்கிழமை நாங்க எல்லாரும் கேட்டுக்கு வெளியில நிக்கறோம். அவ உள்ள உக்காந்து ஊசியில நூல் கோத்துக்கிட்டிருக்கா. கூடப் பொறந்தவ மேடம்! அன்னிக்கு சாயங்காலமே எல்லாரையும் வச்சுக்கிட்டு சொல்லிட்டேன், இனிமே இவ எனக்குத் தங்கச்சி இல்லேன்னு."

"எவ்வளவு நாளாச்சு?"

"மூணு மாசம்." கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். "போன மாசம் அவ பையன் தவறிட்டான். ஒம்பது வயசு. வலிப்பு நோய். நான் போகல. தாய்மாமன் நான், போகல. பதினஞ்சு குடும்பத்து வயித்துல அடிச்சவ வீட்டுல எப்படிப் போய் நிக்கறது?"

எதற்கும் வாயில் ஒரு தமாஷ் வைத்திருக்கிறவன் நான். இதற்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

"மத்தவங்க என்னையும் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாங்க. தங்கச்சியைக் காப்பாத்தறேனாம். அதுக்குத்தான் ஆதாரம் வேணும்."

மேடம் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார். வேலை போனவர்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, அரிசியில் கல் பொறுக்குவது போல விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இவர் யாரு? வேலை போனவங்கள்ல இருக்கார். கூட்டத்துக்கு வந்தவங்கள்ல இல்ல."

"டிரம்காரர். துணி துவைக்கிற பெரிய டிரம்ல வேலை. அவர் கூட்டத்துக்கெல்லாம் வர மாட்டாரு. வாயே திறக்காத மனுஷன்."

"கூட்டத்துக்கே வராதவரை ஏன் தூக்கினாங்க?"

"என் தங்கச்சிக்கும் அவருக்கும் ஆகாது. போர்வையெல்லாம் டிரம்ல போட்டுக் கிழிக்கறாருன்னு சண்டை போடுவா. சேர்த்து மாட்டி விட்டிருப்பா."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இது நல்ல சகுனம்.

"இன்ஷூரன்ஸ், நம்ம ஆள் சொல்றபடி பார்த்தா, சொந்த அண்ணனைக் காட்டிக் கொடுக்கிற நேரத்துல அந்தம்மாவுக்குப் போர்வை ஞாபகம் வந்திருக்கு."

"ஒரே பாலிசியில ரெண்டு பேரு கவர் ஆகுற திட்டம் போல மேடம்."

"டிரம்காரரைப் பார்க்கணும். இப்பவே."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, கிடைக்க மாட்டாரு. எங்கேயோ போயிடுவாரு. எங்கேன்னு யாருக்கும் தெரியாது" என்றார் இஸ்திரி அண்ணன்.

*

யாருக்கும் தெரியாது என்று சொல்லப்படுகிற விஷயம் எப்போதும் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். டிரம்காரர் ஒரு சைக்கிள் கடை மாடியில் குடியிருந்தார். கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "மூணரை மணி பஸ், எட்டாம் நம்பர். கடைசி ஸ்டாப் வரைக்கும் போவாரு. சட்டைப் பையில ஒரு சீப்பும் ரிப்பனும் இருக்கும்."

"கேஸ் முடிஞ்சது மேடம். மனுஷன் ஞாயித்துக்கிழமைக்குன்னு தனியா ஒரு குடும்பம் வச்சிருக்கார்" என்றேன்.

கடைசி ஸ்டாப்பில் இறங்கிப் பார்த்தபோது எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறதி நோய் வந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி அது. நீள வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். பின்னால் நின்று ஒரு கிழவர் அவர் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

இஸ்திரி அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார். நாங்கள் மட்டும் போனோம்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "கரன்ட்காரரா? இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?"

"வந்துட்டேன்மா. எல்லா லைட்டும் எரியுது" என்றேன்.

டிரம்காரர் என்னை நன்றியோடு பார்த்தார். மேடம் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நின்றது.

"நான் எந்தக் கூட்டத்துக்கும் போகலம்மா. போகலேன்னு ஆஸ்பத்திரி ஆபீஸர்கிட்டயும் சொன்னேன். அப்படின்னா ஞாயித்துக்கிழமை மூணரையிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் எங்கே இருந்தேன்னு கேட்டாரு. அதை நான் ஏன் சொல்லணும்? இவ இப்படி இருக்கறது எங்க வீட்டு விஷயம். நாலு பேர் அனுதாபப்படறதுக்கா வச்சிருக்கேன்?"

"மூணரையிலேர்ந்து அஞ்சரைன்னு அவரே சொன்னாரா? நீங்க சொல்லலையே?"

"அவரேதான் சொன்னாரு. நிமிஷம் பிசகாம."

மேடம் அந்த ரிப்பனையும் அவர் சட்டைப் பையையும் பார்த்தார். பிறகு, "உங்க போன் எங்கே?" என்றார்.

"அணைச்சு வச்சிருக்கேன். மணி அடிச்சா இவ நெருப்புப் பிடிச்சுடுச்சுன்னு எழுந்து ஓடுவா. ஒரு தடவை விழுந்து கை உடைஞ்சுது. அதனால பஸ் ஏறும்போதே அணைச்சுடுவேன். திரும்பி வந்து இறங்கினதும்தான் போடறது."

"சத்தம் மட்டும் வராம வைக்கலாமே?" என்றேன்.

"அது எந்தப் பட்டன்னு தெரியாது தம்பி. எனக்குத் தெரிஞ்சது அணைக்கறது ஒண்ணுதான்."

மேடம் அந்தப் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வராந்தாவின் மறு கோடிக்குப் போய் உயிர்ப்பித்தார். ஆஸ்பத்திரி எல்லா ஊழியர்களின் போனிலும் ஒரு வருகைப் பதிவு ஆப் போட்டுக் கொடுத்திருந்தது. நெருப்பு கிருப்பு என்றால் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம், பாதுகாப்பாம். வரிசையில் நின்று எல்லோரும் "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்கினார்கள். எதற்குச் சம்மதம் என்று ஒருவரும் படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நம்பித்தான் பதினொரு வருடம் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த ஆப்பில் "என் பதிவு" என்று ஒரு பக்கம். யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்தால் ஆப்பும் வீட்டுக்குப் போய்விடும் என்று நினைத்திருப்பார்கள். அது போகவில்லை. பகல், இரவு, லீவு நாள் எல்லாவற்றுக்கும் பச்சைக் கட்டங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "இங்கே இருக்கிறேன்" என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூணரையிலிருந்து அஞ்சரை வரை கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.

மேடத்தின் முகம் கறுத்துப் போயிருந்தது. கேஸ் பிடிபட்டால் சிரிக்கிறவர் அவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

*

வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. இஸ்திரி அண்ணன் அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க போனைக் குடுங்க. ஆப்பை எடுத்துடலையே?"

"எடுக்கத் தெரியாது."

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் மேடம். டிரம்காரர் போனில் எல்லா ஞாயிறும் வெள்ளை. இஸ்திரி அண்ணன் போனில் கூட்டம் நடந்த நாலு ஞாயிறு மட்டும் வெள்ளை. அந்த நாலும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின.

"நாலு மணிக் கூட்டத்துக்கு மூணரைக்கே ஏன் அணைச்சீங்க?"

"வீட்டுலேயே அணைச்சுட்டுத்தான் கிளம்பணும்னு கட்டுப்பாடு மேடம். போன் இருந்தா பேசறதைக் கேட்டுடுவாங்க, இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு. மூணரை அடிச்சா எல்லாரும் அணைக்கணும். அஞ்சரைக்குத்தான் போடணும். ஆளுக்கு ஒரு நேரம்னா யாராவது மறந்துடுவாங்க இல்லையா? ஷிப்ட் சங்கு மாதிரி இருக்கட்டும்னு..."

"கட்டுப்பாடு போட்டது யாரு?"

அவர் கண் அந்த வெள்ளைக் கட்டங்களுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"நான்தான்."

மேடம் மெதுவாகத்தான் சொன்னார். "பதினஞ்சு பேர் ஊர்ல பதினஞ்சு மூலையில இருக்கீங்க. ஒரே நிமிஷத்துல பதினஞ்சு போனும் அணையுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே நிமிஷத்துல உயிர் வருது. நாலு வாரமா இதேதான். நீங்க என்ன பேசினீங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்ல. சேர்ந்து எதையோ மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சா போதாதா? அந்த நேரத்துல அணைஞ்ச போனையெல்லாம் எண்ணி எடுத்திருக்காங்க. பாவம், பொண்டாட்டி பயப்படக் கூடாதுன்னு அணைச்சவரும் அதுல மாட்டிக்கிட்டார். மனுஷங்க காட்டிக் கொடுத்திருந்தா அவர் பேர் எப்படி வரும்?"

"அப்ப தங்கச்சி..."

"அவங்க போன் அணையல. அதனால பட்டியல்ல வரல."

இஸ்திரி அண்ணன் சடாரென்று எழுந்தார். "பாத்தீங்களா! அணைச்சாச்சான்னு ஒவ்வொரு வாரமும் கேட்பேன். அணைச்சாச்சு அண்ணான்னு என் முகத்தைப் பாத்துச் சொன்னா மேடம்! பொய் சொல்லியிருக்கா. போனை வச்சு எல்லாத்தையும் பதிவு பண்ணியிருக்கா!"

"பதிவு பண்ணியிருந்தா டிரம்காரர் குரல் அதுல எங்கேயிருந்து வந்துச்சு?"

அவர் நின்றபடியே இருந்தார்.

"போனை ஆன்ல விட்டதால அவங்க ஒரு பொம்பளை மட்டும் ஞாயித்துக்கிழமை படச்சட்டக் கடைக்குப் போனதாத்தான் தெரிஞ்சிருக்கும். அது குத்தமா? எதுக்காக அணைக்காம வச்சிருந்தாங்கன்னு எனக்கும் தெரியல. அவங்களைத்தான் கேக்கணும். நீங்க கேட்டீங்களா?"

"எல்லாரும் கொதிச்சுப் போயிருந்தாங்க மேடம். அந்த நேரத்துல..."

"கேட்டீங்களா?"

"இல்ல" என்றார் அவர்.

*

தங்கையின் வீடு இரண்டாவது மாடியில், ஓர் அறையும் ஒரு சமையலறையும். அவளே கதவைத் திறந்தாள். எங்களுக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தாள். வழி விட்டாள்.

அந்த அறையைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. மேசையின் நாலு முனை, கட்டில் கால்கள், ஜன்னல் விளிம்பு, அலமாரி மூலை, கூர்மையான எந்த இடத்தையும் அவள் விட்டு வைக்கவில்லை. பழைய விரிப்பை நாலாக எட்டாக மடித்து மெத்தை போலத் தைத்துக் கட்டியிருந்தாள். ஒரு பிள்ளை விழுந்தால் அடிபடக் கூடாது என்று வீடு முழுக்கத் தைத்திருக்கிறாள். பிள்ளை போய் ஒரு மாதமாகியும் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

இஸ்திரி அண்ணனும் அவற்றைத்தான் பார்த்தார். முன்பு எத்தனையோ முறை பார்த்தவைதான்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "கூட்டத்துக்கு வந்தப்ப உங்க போன் அணைஞ்சிருக்கல. சரியா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "சரி. இடுப்புல செருகி வச்சிருந்தேன். சத்தம் வராது, அதிர்வு மட்டும் தெரியும். கீழ் வீட்டுல அவனை விட்டுட்டு வருவேன். வலிப்பு வந்தா உடனே கூப்பிடுங்கன்னு சொல்லியிருந்தேன்."

"மூணாவது வாரம் எழுந்து போனது?"

"அன்னிக்குத்தான் கூப்பிட்டாங்க. ஓடினேன். வாயில நுரையோட கிடந்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?" அது நான்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னன்னு சொல்றது சார்? எல்லாரும் கட்டுப்பாடா அணைச்சுட்டு வந்திருக்காங்க. நான் மட்டும் அணைக்கல, ஆனா நான் யாருகிட்டயும் சொல்லலேன்னு சொன்னா நம்புவாங்களா? வாயைத் திறந்தா அதுவே சாட்சியாயிடும். சும்மா இருந்தா அண்ணனாவது ஒரு நாள் தனியா வந்து கேக்கும்னு நினைச்சேன்."

மேடம் நடந்ததையெல்லாம் விளக்கிச் சொன்னார். பச்சைக் கட்டம், வெள்ளைக் கட்டம், டிரம்காரர், அவர் மனைவி எல்லாம்.

"அப்ப யாருமே சொல்லலையா?" என்றாள் தங்கை.

"யாரும் சொல்லல."

"நான் சில நாள் அவங்க ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டேன். பாவம்."

"அந்தக் கேமரா இன்னும் இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

"இருக்கு. ரெண்டு பேர் போர்வையைப் பிடிச்சுக்குவோம், ஒருத்தர் உடை மாத்துவோம். இப்ப அதுக்கும் வேலை நேரத்தை வீணாக்கறோம்னு மெமோ."

அந்த இரண்டு போன்களையும் கோர்ட்டில் வைக்கத் தனக்குத் தெரிந்த வக்கீல் இருப்பதாக மேடம் சொன்னார். ஊழியர்களின் லீவு நாளை எண்ணிப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு யார் உரிமை கொடுத்தது என்று அங்கே கேட்கலாம் என்றார். தங்கை சரி என்றாள். அவள் கவனம் அதில் இல்லை.

இஸ்திரி அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றேன். தப்பு என்னுதுதான்னு சொல்றேன். பதினஞ்சு பேர் வேலையும் போனதுக்கு நான்தான் காரணம்னு சொல்றேன்."

"சொல்லு அண்ணா."

"அவங்க என்னை என்ன வேணா பண்ணட்டும்."

"ம்."

அவர் கட்டில் பக்கம் திரும்பினார். முனையில் கட்டியிருந்த துணியைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "அவன் என்னைக் கேட்டானா?"

இந்தக் கேள்விக்கு அவள் இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"தினமும் கேப்பான். மாமா ஏன் இப்பல்லாம் வரதில்லேன்னு. மாமாவுக்கு இஸ்திரி வேலை நெறைய வந்திருக்கு, லீவே குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். கடைசி நாள் வரைக்கும் அதையேதான் சொன்னேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எம்மேல கோபமா இருக்கேன்னு அவனுக்குத் தெரியாது அண்ணா. தெரிஞ்சா உன்னை வெறுத்துடுவான்னு சொல்லல."

இஸ்திரி அண்ணன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். தழும்பு விழுந்த அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, இவ்வளவு பெரிய மனிதர் அழுதால் எப்படிச் சத்தம் வருமோ அப்படி அழுதார். தங்கை அவர் பக்கத்தில் போகவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை.

மேடம் என் தோளைத் தொட்டார். நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மேடம் முன்னால் இறங்கினார். முதல் மாடித் திருப்பம் வரைக்கும்தான் என்னால் முடிந்தது. அங்கே படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.